பட்டியலில் முதல் பெயர்

என் மகள் தாஹுராவுக்கு நுழைவுத் தேர்வில் நூற்றுக்கு அறுபத்து நாலே முக்கால் வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த வருடம் அறிவியல் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளைக்கு அறுபத்தாறு. நடுவில் ஒன்றேகால் மதிப்பெண். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளிக்குள் எழுநூறு பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று தரவரிசையைப் பார்த்து அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நஃபியுல்தான் சொன்னான்.

என் பெயர் தொஜம்மல். தாவரவியல் துறை ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தேன். காலை எட்டு மணிக்கு மைக்ரோஸ்கோப்புகளைத் துடைத்து வைப்பேன். வெட்டிப் பார்க்கத் தண்டும் வேரும் இலையும் கொண்டுவந்து தண்ணீரில் போட்டு வைப்பேன். வகுப்பு முடிந்ததும் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுவேன். இருபத்தாறு வருடம் இதே வேலை. எங்கள் ஊரில் மாணவர்கள் டீக்கடைக்காரரையும் ரிக்‌ஷாக்காரரையும் எங்களைப் போன்ற ஊழியர்களையும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருட மாணவர்களுக்கு நான் மாமா.

பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு என்று கொஞ்சம் இடங்கள் தனியாக உண்டு. வாரிசு கோட்டா என்போம். பேராசிரியர் பிள்ளையானாலும் பெருக்குகிறவர் பிள்ளையானாலும் நாற்பது மதிப்பெண் எடுத்துத் தேறினால் போதும், இடம் உறுதி. அதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பஸ் ஓட்டுகிறவரின் பிள்ளை அந்த பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதில்லை, அது போலத்தான் என்று நினைத்திருந்தேன்.

முடிவு வந்த அன்று தாஹுரா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதாள். என் மனைவி மொர்ஜினா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டினாள்.

"எதுக்குடி அழுவுற? உங்கப்பா இத்தனை வருஷமா குப்பி கழுவுனது எதுக்கு? அந்தக் கோட்டா படிவத்தை வாங்கிட்டு வந்தா முடிஞ்சுது."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. மறுநாளே படிவத்தை வாங்கி வந்தேன்.

நஃபியுல் எங்கள் துறையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தான். டாக்காவுக்கு வெகு வடக்கே, குரிகிராம் பக்கம், பிரம்மபுத்திராவின் நடுவே மணல் திட்டில் அவன் வீடு. இரண்டு வருடமாகத் தாஹுராவுக்கு அவன்தான் பாடம் சொல்லிக் கொடுத்தான். கூலி கிடையாது, இரவுச் சாப்பாடு மட்டும். மொர்ஜினா அவன் தட்டில் மீன் துண்டைப் பெரிதாகப் பார்த்து வைப்பாள். அதற்கு முந்தைய ஜூலையில் அரசு வேலைக் கோட்டாவை எதிர்த்து மாணவர்கள் இறங்கித் தெருவெல்லாம் கொந்தளித்தபோது, போலீஸ் சுட்டுத் தோளில் சிறு குண்டுகள் பாய்ந்து வந்தவனை, உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் அறைக்குள் மூன்று நாள் நான்தான் ஒளித்து வைத்தேன். அவனுக்குப் போட்ட துணிக்கட்டைத் தாஹுராதான் வீட்டில் கொதிக்க வைத்துத் துவைத்துக் கொடுத்தாள்.

அவன் ஒரு சாயங்காலம் வந்தான். வழக்கமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வருகிறவன் அன்று வாசலிலேயே நின்றான்.

"மாமா, மத்தவங்க சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நாளையிலேர்ந்து நாங்க ஏழு பேர் நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னாடி உண்ணாவிரதம் உக்காரப் போறோம். வாரிசு கோட்டாவை எடுக்கற வரைக்கும்."

சமையலறையிலிருந்து மொர்ஜினா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"யாரு கோட்டாவை எடுக்கணும்? எம் பொண்ணு கோட்டாவையா? ரெண்டு வருஷமா எங்க சோத்தைத் தின்னுட்டு, எங்க பொண்ணு சீட்டுக்காக நீ பட்டினி கெடக்கப் போறியாடா?"

"மாமி, தாஹுராவுக்கு எதிரா இல்ல."

"பின்ன யாருக்கு எதிரா? எம் பொண்ணுக்கு அப்பா ஆய்வகத்துல வேலை பாக்கறாரு. அந்தப் படிவத்தை நாளைக்கு நிரப்பப் போறா. நீ யாருக்கு எதிராடா உக்காருற?"

தாஹுரா உள்ளேயிருந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணா, எம் படிப்பு உங்களுக்குத் தெரியும். நான் தகுதி இல்லாதவளா?"

"நீ தகுதியானவதான் தாஹுரா. உனக்கு மேல எழுநூறு பேர் தகுதியானவங்க நிக்கறாங்களே, அதான்."

"அந்த எழுநூறு பேர்ல ஒருத்தரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என்னைத் தெரியும்ல?"

நஃபியுல் தலை குனிந்தான். "வர்றேன் மாமா" என்று சொல்லிப் போனான். அன்று வடித்த சோற்றில் அவன் பங்கு மிஞ்சியது. மொர்ஜினா அதில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

தை மாதக் குளிர். பத்து மணிவரை பனி விலகாது. கட்டடத்தின் படிகளுக்குக் கீழே பாயை விரித்து ஏழு பேரும் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் துறைக்குப் போக வேண்டும். முதல் நாள் சுற்று வழியில் போனேன். இரண்டாம் நாள் நேராகப் போனேன். நஃபியுல் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். பக்கத்தில் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்: 'முப்பது எடுத்தவர் உள்ளே, அறுபத்தைந்து எடுத்தவர் வெளியே.'

அது பொய்யில்லை. மூன்று வருடத்துக்கு முன் கோட்டா இடங்கள் நிரம்பவில்லை என்று தேர்ச்சி மதிப்பெண்ணையே நாற்பதிலிருந்து முப்பதாகக் குறைத்தார்கள். அப்படி முப்பத்து நாலு எடுத்து உள்ளே வந்த ஒரு பையன் எங்கள் துறையில்தான் படித்தான். துறைத் தலைவர் எனாமுல் கபீர் சாரின் மகன். கெட்ட பையன் இல்லை. ஆனால் வேரின் குறுக்கு வெட்டு எது, தண்டின் குறுக்கு வெட்டு எது என்று மூன்றாம் வருடத்திலும் என்னிடம் வந்து கேட்பான். நான் காதோடு சொல்லிக் கொடுப்பேன். கபீர் சார் எனக்கு வேண்டியவர். ஒன்பது வருடம் தினக்கூலியாகக் கிடந்த என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

மூன்றாம் நாள் மதியம் லுங்கியும் பழைய ஸ்வெட்டருமாக ஒருவர் ஆய்வக வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணி மூட்டை.

"தொஜம்மல் ஐயா யாருங்க? நான் நஃபியுலோட அப்பா. கசிமுத்தீன்."

மகன் சாப்பிடாமல் கிடக்கிறான் என்று யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். படகிலும் பஸ்ஸிலுமாக ஒரு பகலும் ஓர் இரவும் வந்திருக்கிறார். அவரை மகனிடம் கூட்டிப் போனேன். நஃபியுலுக்குக் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை. அவர் ஒன்றும் திட்டவில்லை. மூட்டையை அவிழ்த்துப் பொரியும் வெல்லமும் எடுத்து நீட்டினார். "வேணாம்ப்பா" என்றான். மூட்டையை மறுபடி கட்டிவிட்டு, மகனின் கால்களைக் கம்பளிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சில்லிட்டுப் போயிருந்திருக்கும். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். மொர்ஜினா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் விருந்தாளி விருந்தாளிதான். பருப்பும் கத்தரிக்காய் வறுவலும் வைத்துச் சோறு போட்டாள். அவர் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"ஐயா, என்ன வேணும்னு இவன் இப்படிக் கெடக்கான்? வேலை கேக்கறானா?"

"இல்லண்ணே. இங்க வேலை பாக்கறவங்க பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் இடம் தனியா இருக்கு. அது கூடாதுங்கறாங்க."

"தனியா இருந்தா என்னங்க? அதுவும் பிள்ளைங்கதானே?"

"இவங்க நாப்பது எடுத்தா போதும். மத்த பிள்ளைங்க அறுபத்தாறு எடுக்கணும். அதான் சண்டை."

அவர் கை தட்டிலேயே நின்றது. யோசித்தார்.

"எங்க திட்டுல பள்ளிக்கூடம் மழைக்காலத்துல மூணு மாசம் தண்ணிக்குள்ள இருக்கும். ரெண்டு தடவை ஆத்தோடவே போயிடுச்சு. ஒரே வாத்தியாரு. எம் பையன் இங்க வந்தப்ப அவனுக்கு எவ்வளவு கேட்டாங்க?"

"எல்லாருக்கும் கேட்டதுதான் அண்ணே. கூடக்குறைய இல்ல."

"ஓ" என்றார். அதற்குப் பிறகு மெதுவாகச் சாப்பிட்டார். கை கழுவப் போகும்போது, "அந்தப் படிவத்துல அப்பன் எங்க வேலை பாக்கறான்னு எழுத இடம் இருக்குமோ? எம் பொண்ணு ஒண்ணு எட்டாவது படிக்குது. நாளைக்கு அது எழுதறப்ப என்னான்னு எழுதறது? ஆத்துலன்னா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தாஹுரா சோற்றுப் பானையைப் பிடித்தபடி நின்றவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் மகனிடம் திரும்பிப் போன பிறகு மொர்ஜினா தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "பாவம், நல்ல மனுஷன். அதுக்காக நாம என்ன பண்ண முடியும்? அவரு பிள்ளை உள்ள வந்துட்டான். நம்ம பிள்ளை வெளிய நிக்குது. படிவத்தைக் குடுத்துட்டு வாங்க."

மறுநாள் நிர்வாகம் ஒரு முடிவை அறிவித்தது. ஆசிரியர், அதிகாரி பிள்ளைகளுக்கு இனி கோட்டா இல்லை. எங்களைப் போன்ற கீழ்நிலை ஊழியர் பிள்ளைகளுக்கு மட்டும் நூற்றில் ஒரு இடம். இதைக் கேட்டு எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. இதுதான் சரி என்று பட்டது. காரில் வருகிறவர் பிள்ளைக்கு எதற்குச் சலுகை? எங்களுக்கு என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. உண்ணாவிரதப் பிள்ளைகளும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் கூடாது என்றார்கள்.

வியாழக்கிழமை படிவம் கொடுக்கக் கடைசி நாள். காலை ஒன்பதரைக்கு நிர்வாகக் கட்டடத்துக்குள் போனேன். மாடியில் சேர்க்கைப் பிரிவு. குமாஸ்தா படிவத்தை வாங்கி முத்திரை குத்திவிட்டுச் சிரித்தார்.

"புது விதிப்படி வந்த முதல் படிவம் உன்னோடதுதான். பட்டியல்ல உன் பொண்ணு பேருதான் முதல்ல."

படியிறங்கி வருவதற்குள் கீழே சங்கிலிச் சத்தம். மாணவர்கள் முன்வாசலையும் பின்வாசலையும் பூட்டிவிட்டார்கள். உள்ளே துணைவேந்தர், பேராசிரியர்கள், அதிகாரிகள், ஊழியர்கள் என்று இருநூறு பேர் மாட்டிக்கொண்டோம். வெளியே ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாயில் நஃபியுல் படுத்திருந்தான். கசிமுத்தீன் அவன் தலைமாட்டில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் வந்திருந்தது.

மதியம் அதிகாரிகள் சங்கச் செயலாளர் பெலாயெத் பின்வாசல் வழியாக வெளியேறிப் பார்க்கலாம் என்று நாலைந்து பேரோடு இறங்கினார். நானும் பின்னால் போனேன். வாசலில் இரும்புக் கம்பிக் கதவு பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் பிள்ளைகள் கோஷம் போட்டார்கள். பெலாயெத் கதவைப் பிடித்து உலுக்கித் திட்டினார். திரும்பி மேலே ஏறும்போது அவருடைய கோட்டு படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. கோபத்தில் வெடுக்கென்று இழுத்தார். கால் வழுக்கி நாலு படி உருண்டார். முகவாயில் ரத்தம். நான்தான் தூக்கி நிறுத்தினேன். யாரும் அவரைத் தொடவில்லை. தொடவும் முடியாது, நடுவில் பூட்டிய கதவு.

ஒரு மணி நேரம் கழித்து என்னை மாடியில் ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முகவாயில் பஞ்சை ஒட்டிக்கொண்டு பெலாயெத் உட்கார்ந்திருந்தார். கபீர் சார் ஜன்னலோரம் நின்றார். இன்னும் சிலர். மேசையில் எழுதி முடித்த ஒரு புகார். படித்துக் காட்டினார்கள். நஃபியுல் உள்ளிட்ட ஆறு பேர் பின்வாசலில் சங்கச் செயலாளரை இரும்புக் கம்பியால் தாக்கினார்கள், ஆய்வக உதவியாளர் தொஜம்மல் நேரில் பார்த்தார் என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடு" என்றார் பெலாயெத். "நாங்க போட்டா எங்க பிள்ளைகளுக்காகப் போட்டோம்பானுங்க. உன்னை மாதிரி சின்ன ஆள் போட்டாத்தான் எடுபடும். போலீஸ் உள்ள வந்துடும், அந்த ஆறு பேரையும் பல்கலைக்கழகத்தை விட்டே வெளிய அனுப்பிடலாம். அதோட அடங்கிடும்."

"சார், அவன் அங்க இல்லையே. பாயில படுத்துக் கெடக்கான். கையில சலைன் ஏறுது."

"அவன் சொல்லித்தானே எல்லாம் நடக்குது?"

"கம்பியால யாரும் அடிக்கலையே சார். கோட்டு மாட்டுச்சு. நான்தானே தூக்கினேன்."

அறையில் ஒருவர் சிரித்தார். பெலாயெத்துக்கு முகம் கறுத்தது. "உன் பொண்ணு பேரு பட்டியல்ல முதல்ல இருக்கு, தெரியும்ல? இன்னிக்கு இவனுங்க ஜெயிச்சா பட்டியலே இருக்காது."

கபீர் சார் பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தார். "தொஜம்மல், உங்களுக்கு அந்த ஒரு சதவீதம் நிக்கணும்யா. அது நின்னாத்தான் கதவு திறந்திருக்கும். ரெண்டு வருஷம் போனா நாங்களும் பேசி வாங்கிக்குவோம். நீ கையெழுத்துப் போட்டா உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது. உன் வேலை நிரந்தரமானப்ப யார் எழுதிக் கொடுத்தது, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதனால்தான் பேனாவைக் கையில் வாங்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிடம் என் மனதில் நஃபியுலும் இல்லை, நியாயமும் இல்லை. போர்வைக்குள் குலுங்கிய என் மகளின் முதுகுதான் இருந்தது. கையெழுத்தின் முதல் எழுத்துக்குப் பேனாவை வைத்தேன். மை ஒரு புள்ளியாகக் காகிதத்தில் ஊறியது. எங்கள் கதவு திறந்திருந்தால்தான் அவர்கள் பிறகு நுழைய முடியும் என்று சார் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. என் பெண்ணைக் கதவு மூடிவிடாமல் முட்டுக்கொடுக்கும் கட்டையாக வைக்கப் பார்க்கிறார்கள்.

பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"சார், எம் பொண்ணுக்கு சீட் வேணும். வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்ல. படிவம் குடுத்திருக்கேன், அதைத் திருப்பியும் வாங்கல. ஆனா நான் பாக்காததைப் பாத்தேன்னு எழுத மாட்டேன். மைக்ரோஸ்கோப்புல தெரியறதை மட்டும் வரைங்க, புத்தகத்துல இருக்கறதை வரையாதீங்கன்னு வருஷா வருஷம் பிள்ளைங்ககிட்ட நீங்கதானே சார் சொல்றீங்க. பின்னாடி நின்னு கேட்டிருக்கேன்."

சார் கையை எடுத்துக்கொண்டார். பெலாயெத் "வெளிய போ" என்றார்.

தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்தேன். விஷயம் பரவிவிட்டது. தண்ணீர்ப் பாட்டில் கை மாறி வந்தபோது என்னைத் தாண்டிப் போனது. பெண்கள் விடுதியில் பெருக்குகிற ஜமீலா மட்டும் பாதித் தண்ணீரை மிச்சம் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். அவளும் மகனுக்காகப் படிவம் கொடுக்க வந்தவள்.

சூரியன் மறைந்து தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில் துணைவேந்தரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. வாரிசு கோட்டா முழுவதும் ரத்து. யாருக்கும் இல்லை. வெளியே எழுந்த கூச்சலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. உள்ளே ஜமீலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"வாத்தியாருங்க பிள்ளைங்க எல்லாம் இத்தனை வருஷமா படிச்சு முடிச்சு டாக்காவுலயும் வெளிநாட்டுலயும் இருக்குதுங்க. எங்க வீட்டுல முதமுதலா ஒண்ணு பன்னெண்டு தேறுச்சு. எங்க முறை வர்றப்ப சாத்திட்டாங்களே அண்ணே."

அவள் சொன்னதும் உண்மை. கசிமுத்தீன் கேட்டதும் உண்மை.

சங்கிலியை அவிழ்த்தார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று வழி விட்டார்கள். சிலர் கை தட்டி, "வாரிசு வருது, வாரிசு வருது" என்று பாடினார்கள். நான் தரையைப் பார்த்து நடந்தேன். நஃபியுலை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். புகாரையும் பேனாவையும் சொன்னேன். மொர்ஜினா கேட்டாள்:

"கையெழுத்துப் போட்டிருந்தா?"

"போட்டிருந்தாலும் ரத்துதான் ஆகியிருக்கும்."

"அது அப்ப உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தாஹுரா வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: "எங்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லப்பா."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"தெரியல" என்றாள். "நிஜமாவே தெரியல."

அந்த வாரமே எனக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. ஆய்வகத்திலிருந்து வாகனப் பிரிவின் பஸ் கொட்டகைக்கு. காரணம் ஒன்றும் எழுதவில்லை. மைக்ரோஸ்கோப்புகளை எண்ணி ஒப்படைத்தேன். கபீர் சார் அறையில்தான் இருந்தார். போய் வணக்கம் சொன்னேன். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி" என்றார். அவர் மகன்தான் வாசல்வரை வந்து, "இனிமே யார்கிட்ட மாமா கேக்கறது?" என்றான். அந்தப் பையனுக்காக அன்று எனக்கு வருத்தமாக இருந்தது.

நஃபியுல் பத்து நாள் கழித்து பஸ் கொட்டகைக்கு வந்தான். எலும்பாகி இருந்தான். புகார் விஷயம் யார் மூலமோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"அழாதடா. முழுசாக் கேட்டுக்க. நான் பொய்க் கையெழுத்துப் போடல. ஆனா படிவம் குடுத்தேன். சீட் கெடச்சிருந்தா எம் பொண்ணைச் சேர்த்திருப்பேன். ரெண்டையும் தெரிஞ்சுக்க."

"தெரியும் மாமா."

"நீ பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன். உங்கப்பா வந்து எங்க வீட்டுல சோறு தின்னப்பவே அதைச் சொல்ற வாய் எனக்குப் போயிடுச்சு. ஆனா சரின்னும் எங்கிட்ட எதிர்பாக்காத. தாஹுராவோட அப்பா நான்."

அவன் தலையாட்டினான். வேறு பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தாஹுராவைத் தயார் செய்யட்டுமா என்று கேட்டான். அவளையே கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். அவள், "வேணாம் அண்ணா, நானே படிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கதவுவரை வந்து வழியும் அனுப்பினாள். அதன்பிறகு அவன் வரவில்லை. படிப்பு முடிந்து டாக்காவில் வேலைத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்படுகிறேன்.

தாஹுரா வேறு மூன்று இடங்களில் தேர்வு எழுதினாள். எதிலும் தாவரவியல் கிடைக்கவில்லை. இப்போது நகரத்துக் கல்லூரியில் அதே பாடத்தைப் படிக்கிறாள். அங்கே அறுபது பேருக்கு மூன்று மைக்ரோஸ்கோப், ஒன்றில் லென்ஸ் சரியில்லை. அதை எப்படிச் சரி செய்வது என்று என்னிடம் கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அதுதான் இந்த ஒரு வருடத்தில் நாங்கள் என் பழைய வேலையைப் பற்றிப் பேசிக்கொண்ட ஒரே பேச்சு. மொர்ஜினா பல்கலைக்கழக நுழைவாயில் வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். காய் வாங்க இன்னொரு சந்தைக்குப் போகிறாள்.

இந்த வருட நுழைவுத் தேர்வு போன வாரம் நடந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் பனியில் நடுங்கிக்கொண்டு பஸ்களில் வந்து இறங்கினார்கள். அப்பாக்கள், அண்ணன்கள், துணி மூட்டைகள். "மாமா, அறிவியல் கட்டடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் வழி காட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஜமீலா நின்றாள். அவள் மகன் ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். இப்போது மகள் எழுதுகிறாள். மகள் வரிசையில் நின்று உள்ளே போகும்வரை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"எவ்வளவு எடுத்தாக் கெடைக்கும் அண்ணே?"

"சொல்ல முடியாதும்மா. மத்தவங்க எவ்வளவு எடுக்கறாங்களோ அதைப் பொறுத்து."

"நாப்பது பத்தாதுல்ல?"

"பத்தாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பஸ் கொட்டகையின் மதில்மேல், குரிகிராமிலிருந்தோ எங்கிருந்தோ வந்திருந்த வேறு இரண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். ஜமீலா அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.